உள்ளூர் வரலாற்று இணையதளம்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் உதவி அழைப்பு?

உதவிமேசை:
மூன்று வருஷம் தன்னார்வலராக அழைப்புகளை எடுத்தேன். பாதிக்கு மேல் கடவுச்சொல் மறந்த கதைதான், அதை விடுங்கள். ஒரு அம்மா குடும்பப் படம் ஏற்றி, அட்டையின் பின்னால் பென்சிலில் இருந்த பெயர்களை எல்லாம் விளக்கக் கட்டத்தில் தட்டியிருக்கிறார். சேமித்தால் பாதிதான் நிற்கிறதாம். "பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணுங்கம்மா" என்றேன். அப்புறம் கேஷை, அதாவது உலாவி சேர்த்துவைத்த பழைய நகலை, அழிக்கச் சொன்னேன். "நீங்க சரியா சேமிக்கலை போல" என்றும் சொல்லிவைத்தேன். பாவம், மூன்று முறை முழுசாகத் தட்டினார்.

கடைசியில் திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். "கீழே வலது ஓரத்தில் என் தங்கச". அதோடு முடிந்தது. சகரத்துக்குப் புள்ளிகூட இல்லை.

கட்டத்துக்கு 255 எழுத்து எல்லை. தாண்டினால் ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டிவிடும். 'தங்கச்சி' நம் கண்ணுக்கு 5 எழுத்து, கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடில் 8. புள்ளியும் இகரக் கொக்கியும் தனித்தனிக் கணக்கு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த எங்களுக்கு அது பிடிபடவே இல்லை.

ஸ்கேனர்பித்தன்:
என்னுடையது சின்ன விஷயம். பயிற்சி வகுப்பில் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே ஏற்றினார். பெரிதாக்கியதும் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் கரைந்து நின்றது. "வீட்ல தெளிவா இருந்துச்சே" என்று திரையைத் துடைத்தார்.

ஆனால் மேலே சொன்னவர் வேரைத் தொடவில்லை. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்திருந்தால் இந்தப் பாடே இல்லை. எல்லோரும் கவனிக்க: சின்னப் படம் என்றால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). மூலப்பிரதி தரம் குறையாத டிஃப் கோப்பாக, தளத்துக்குச் சுருக்கிய ஜேபெக் கோப்பாக. வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகவேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும். கோப்புக்கு 'படம்1' என்று பெயர் வைக்காதீர்கள். நீளமான விளக்கத்தை நோட்பேடில் எழுதிவைத்து ஒட்டுங்கள். பிரதி ஒன்று வேறு இடத்திலும் இருக்கட்டும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்த்து எடுக்கவே கூடாது, அப்படியே ஸ்கேன் செய்யலாம்.

வருஷக்குழப்பம்:
யார் கேட்டது இவ்வளவும்? ஸ்கேன் செய்த பென்சில் எழுத்து தேடல் பெட்டியில் வராது நண்பரே. பெயரைத் தேடி வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த அம்மா தட்டியதுதான் சரி.

நான் உதவி கேட்ட பக்கம். தாத்தா படத்துக்குச் 'சுமார் 1938' என்று போட்டேன். தளம் 1 ஜனவரி 1970 என்று காட்டியது. புரியாத தேதியை அது பூஜ்யமாக்குகிறது, கணினியின் பூஜ்யம் அந்த நாள் என்று இப்போது தெரியும். அன்று உதவிக்கு வந்தவர், "ஏதாவது ஒரு தேதி போடுங்க சார், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். 15-06-1938 என்று வாய்க்கு வந்ததைப் போட்டேன். மாற்ற மறந்துவிட்டது. போன மாதம் ஒருவர் கட்டுரையில் அதே தேதி, நாள் மாதத்தோடு.

உதவிமேசை:
அந்த அம்மா என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்: எல்லையை நீட்டினோம். வெட்டுப்பட்டது சேமிப்பிலேயே இல்லை, மீட்க வழியில்லை. நாலாவது தடவை நான் தட்டினேன், அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு போனில் படித்தார். தங்கச்சி பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிச் சொன்னார். முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நீங்க சரியா சேமிச்சீங்களா தம்பி?" என்றார்.