நாதஸ்வரப் பதிவில் ‘டிக் டிக்’: ஜிட்டர்தானா?

கேள்வி (காரைக்குடி):
கல்யாண வீட்டு வளவுல நாதஸ்வரம், தவில் பதிவு. எட்டு சேனல் ப்ரீஆம்ப்ல (மைக் ஒலியைப் பெருக்கி டிஜிட்டலாக்கற பெட்டி) இருந்து ஆப்டிகல் கேபிள் வழியா இன்டர்ஃபேஸுக்கு (கம்ப்யூட்டருக்கு ஒலியைக் கொடுக்கற பெட்டி) போகுது. ரெண்டும் 48 கிலோஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு). ரெண்டு செகண்டுக்கு ஒருமுறை ‘டிக்’னு கேக்குது. கேபிள் மாத்தியும் போகல. ஜிட்டரா (சாம்பிள் எடுக்கற நேரம் லேசா முன்னபின்ன ஆடறது)?

பதில் (தேவகோட்டை):
இல்ல தம்பி, ரெண்டு பெட்டியும் தனித்தனி இன்டர்னல் கிளாக்ல (சாம்பிள் எடுக்கற வேகத்தை நிர்ணயிக்கற உள் கடிகாரம்) ஓடுது. ரெண்டுலயும் 48னு காட்டினாலும் கிளாக்கை ஓட்டற கிரிஸ்டல் ஒண்ணுபோல இருக்காது. பத்து லட்சத்துக்கு 10 பங்கு வித்தியாசம்னா செகண்டுக்கு 0.48 சாம்பிள், ஏறக்குறைய ரெண்டு செகண்டுக்கு ஒரு சாம்பிள் விழும், இல்ல இரட்டிக்கும். அதுதான் அந்த ‘டிக்’. நாதஸ்வரக் கார்வையில (நீட்டிப் பிடிக்கற ஸ்வரம்) பளிச்சுனு தெரியும், தவில் சொல்லுக்குள்ள மறைஞ்சிடும். ப்ரீஆம்ப்பை இன்டர்னல்லயே விட்டுட்டு, இன்டர்ஃபேஸோட கிளாக் சோர்ஸை ஆப்டிகலுக்கு மாத்துங்க. லாக் விளக்கு சிமிட்டாம நிக்கணும்.

பதில் (பள்ளத்தூர்):
ஜிட்டர் இரைச்சலாத்தான் சேரும். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 1 நானோசெகண்ட் ஜிட்டர்னா இரைச்சல் அந்த ஒலியை விட சுமார் 84 டெசிபல் கீழே. தவில் முழங்கற வளவுல அது காதுக்கு எட்டாது.

பதில் (கானாடுகாத்தான்):
வேர்டு கிளாக் (எல்லாப் பெட்டிக்கும் ஒரே கிளாக்கைத் தனி கேபிள்ல கொடுக்கறது) இழுக்கறதா இருந்தா 75 ஓம் பிஎன்சி கேபிளே போடுங்க, டெர்மினேஷன் (கேபிள் முனையில போடற 75 ஓம் தடை) கடைசிப் பெட்டியில மட்டும். ஏற்கனவே பதிஞ்ச ‘டிக்’ கிளாக் மாத்தினா போகாது. டீகிளிக் (‘டிக்’ சத்தத்தை நீக்கற மென்பொருள்) போட்டு, கார்வை இடங்களைக் கையால சரிபாருங்க.