அப்பாயியின் பைபிளில் "கஅஎஎ" என்று எழுதியிருக்கிறது, என்ன அர்த்தம்?

ஏற்காட்டுப் பேத்தி:
வணக்கம். ஏற்காட்டில் அப்பாயி வீட்டைக் காலி பண்ணும்போது தகரப் பெட்டிக்குள் ஒரு பழைய தமிழ் பைபிள் கிடைத்தது. செங்கல் கனம், முதுகுத் தோல் உரிந்து தொங்குகிறது, முகப்புத் தாளில் 1887 என்று அச்சாகியிருக்கிறது. மல்கியா முடிந்து மத்தேயு ஆரம்பிப்பதற்கு முன்னால் உள்ள வெற்றுத் தாளில் யாரோ குடும்பத்துச் சாவுகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். புள்ளியே வைக்காத எழுத்து, தட்டுத் தடுமாறித்தான் படிக்க முடிகிறது. மூன்று வரிகளில் "கஅஎஎ" என்று வருகிறது, பக்கத்தில் "தாது", அப்புறம் "மாசி", நடுநடுவே சுழித்துச் சுழித்து ஏதோ குறிகள், கடைசியில் "கர்த்தருக்குள் நித்திரை". கஅஎஎ என்பது ஊர்ப் பெயரின் சுருக்கமா? மேலே ஒரு கல்யாணக் குறிப்பில் "கஅசுகூ" என்று இருக்கிறது, அது மணப்பெண்ணின் பேர் என்று என் தம்பி சாதிக்கிறான்.

குழப்பம் இதோடு முடியவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் என் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா. அதே பேர், அதே தகப்பன் பேர். ஆனால் அவர் தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அது 1938! பெரியப்பா கணக்குப்படி அவர் 1874இல் பிறந்து 1966இல் 92 வயதில் போனவர். தாள் ஓரம் தொட்டால் உதிர்கிறது, டவுனில் கொடுத்து லேமினேட் பண்ணிவிடலாம் என்கிறார் மாமா. பண்ணலாமா?

நாலுரோட்டுக்காரன்:
லேமினேட் வேண்டவே வேண்டாம், ஏன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் எண்ணுக்கு வருகிறேன். அது எழுத்தே இல்லைங்க, பழைய தமிழ் எண். க என்பது 1, அ என்பது 8, எ என்பது 7. ஆக கஅஎஎ 1877. உங்கள் தம்பி பிடித்து வைத்திருக்கும் மணப்பெண் 1869ஆம் வருஷம் (சு 6, கூ 9), அவனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சுழித்த குறிகள் நாள், மாதம், வருஷத்துக்கு உரியவை, பழைய கிரயப் பத்திரங்களில் நிறையப் பார்க்கலாம்.

தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிந்தது. அதனால் மாசி என்றால் 1877தான், எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார். நிறையப் பேர் தாது என்றதும் 1876 என்று போட்டுவிட்டு ஒரு வருஷம் தவறிப் போவார்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பேர் திரும்ப வரும் என்பதையும் மறக்கக் கூடாது, 1936லும் ஒரு தாது வந்தது.

ஒரே மாசியில் மூன்று சாவு என்றதும் எனக்குத் திக்கென்றது. அது தாது வருஷப் பஞ்சம். 1876இல் தொடங்கி 1878 வரை இழுத்தது, சேலம் ஜில்லா படாத பாடு பட்டது, பட்டினிக்குப் பின்னாலேயே காலராவும் வந்தது. எங்கள் வீட்டில் யாராவது அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் "தாது வருஷத்துல பொறந்தவனா நீ" என்று கேட்பார் ஆயா.

பழைய ரிஜிஸ்தர்:
அண்ணன் சொன்ன எண்ணெல்லாம் சரி. ஆனால் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. புத்தகம் அச்சானது 1887. அப்படியானால் 1869 கல்யாணத்தையும் 1877 சாவுகளையும் நடந்த அன்றைக்கு இதில் எழுதியிருக்கவே முடியாது. அந்த வரிகளெல்லாம் ஒரே கை, ஒரே மையா என்று பாருங்கள். ஒரே மாதிரி இருந்தால் புத்தகம் வாங்கியபின் ஒரே உட்காரலில் எழுதியது, வேறொரு தாளைப் பார்த்தோ ஞாபகத்திலிருந்தோ. பொய் என்று சொல்லவில்லை, 1887க்கு அப்புறம் மை மாறி மாறி வரும் வரிகளை நம்புகிற அளவுக்கு இவற்றை நம்பாதீர்கள் என்கிறேன்.

பூட்டன் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் பையனுக்கு அதே பேரை வைப்பது அப்போது சாதாரணம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஒரே தகப்பனுக்கு ஒரே பேரில் இரண்டு பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். பிறப்புகளைத் தனியாக வேறெங்காவது எழுதியிருப்பார்கள், வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பின்னால் உள்ள தாள், அட்டையின் உள்பக்கம் எல்லாம் பாருங்கள்.

உங்கள் ஆட்கள் லண்டன் மிஷன் சபையாக இருந்தால் (அவர்கள் சேலத்துக்கு வந்தது 1827இல்) அந்தச் சபைகள் 1947இல் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) சேர்ந்தன, பழைய பதிவேடு அந்தந்தக் கோயிலில்தான் இருக்க வேண்டும். முதல் தடவை போனால் "செல்லரிச்சுப் போச்சுங்க" என்பார்கள். எனக்கும் ஓர் இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள், மூன்றாவது தடவை போனபோது அதே பீரோவின் அடித்தட்டில் குத்துவிளக்குக்குக் கீழே இருந்தது. மிஷனரிகள் ஊருக்கு அனுப்பிய கடிதங்கள், அறிக்கைகள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. உபதேசியார் வேலை பார்த்தவர் யாராவது குடும்பத்தில் இருந்தால் அதில் பேர் அகப்பட வாய்ப்பு உண்டு.

வசம்பு:
லேமினேட் பண்ணினால் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் அப்படித்தான். எங்கள் தாத்தாவின் ஜாதகத்துக்கு நான் ஆசையாக ஒட்டிய டேப், பத்து வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தோடு சேர்ந்து உரிந்து வந்தது, இன்றைக்கும் அம்மா அதைச் சொல்லிக் காட்டுவார்.

எழுத்து பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் கடுக்காயும் அன்னபேதியும் (ஒரு இரும்பு உப்பு) சேர்த்துக் காய்ச்சிய மை. எழுதும்போது கருப்பு, வருஷம் போகப் போகப் பழுப்பாகி, அழுத்தி எழுதிய இடத்தில் தாளையே அரித்துவிடும். ஈரம் பட்டால் இன்னும் மோசம், அதனால் ஏற்காட்டு மூடுபனியிலிருந்து முதலில் கீழே கொண்டு வாருங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்க வையுங்கள், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி அண்டாமலிருக்கப் பக்கத்தில் ஒரு சின்ன வசம்பு முடிச்சு. இதற்கெல்லாம் முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள், பிளாஷ் வேண்டாம், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மங்கிய கீறல்கூடத் தெரியும்.

ஏற்காட்டுப் பேத்தி:
எல்லோருக்கும் நன்றி. அட்டையில் ஒன்றுமில்லை, ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பின்னால் இரண்டு தாள் ஒட்டியிருந்தன. பிரிக்காமல் ஓரத்தைத் தூக்கி டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். பிறப்புகள்! பழைய ரிஜிஸ்தர் அக்கா சொன்ன மாதிரி முதல் ஆறு வரி ஒரே கை, ஒரே மை, ஏழாவதிலிருந்து மை மாறுகிறது. நாலாவது வரி பூட்டன் பேர், கஅஎச, அதாவது 1874. ஆறாவது வரி "கஅஎகூ பிரமாதி ஆவணி", 1879, பேர் இருக்க வேண்டிய இடத்தில் "மேற்படியான் பேரையே இட்டோம்".

பெரியப்பாவுக்குப் போன் பண்ணிப் பூட்டன் 92 இல்லை, 87 என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், கல்லறைக் கல்லில் 92 என்று வெட்டியாச்சே, அதை இப்போ என்ன பண்றது என்று கேட்டார்.