டர்பன்ல ஆய்வுக்கு வந்திருக்கேன், பேட்டி குடுத்த குடும்பம் போனை எடுக்கல. என்ன செய்யறது?

டர்பன்_புதுசு:
வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு மானுடவியல் முதுகலை படிக்க வந்து பத்து வாரம் ஆகுது. இங்க உள்ள தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா எப்படி மாறினாங்கங்கிறதுதான் என் தலைப்பு. சாட்ஸ்வர்த்ல, அதாவது டர்பன்ல இந்தியர்கள் நிறைய வாழற பகுதியில ஒரு பாட்டி, எண்பது தாண்டினவங்க. ரெண்டு தடவை பாசமா பேசி, சோறு போட்டு அனுப்பினாங்க. மூணாவது தடவை பாதியில எழுந்து உள்ள போயிட்டாங்க. அன்னிலேர்ந்து பேத்தி போனை எடுக்கல. வெள்ளிக்கிழமை வழிகாட்டிகிட்ட முதல் அறிக்கை குடுக்கணும். ராத்திரி தூக்கமே வரல.

ஜோபர்க்_வாசி:
விசா எப்ப முடியுது தம்பி? புதுப்பிக்க 60 நாளைக்கு முன்னாடியே விண்ணப்பம் போடணும். மருத்துவக் காப்பீடு இந்த நாட்டுல பதிவான திட்டமா இருக்கணும். நான் ஊர்லேர்ந்து பயணக் காப்பீடு வாங்கிட்டு வந்து ரெண்டு மாசம் அலைஞ்சவன். பகுதிநேர வேலை பாத்தா வாரம் 20 மணி நேரம், அதுக்கு மேல வேணாம்.

லைப்சிக்_குமரன்:
முதல் குளிர்காலம் நான் அறைக்குள்ளயே அழுதிருக்கேன். தயங்கினா ஒண்ணும் நடக்காது. பழம் வாங்கிட்டு நாளைக்கே பாட்டி வீட்டு வாசல்ல போய் நில்லுங்க. பெரியவங்க மன்னிச்சிடுவாங்க.

கள ஆய்வு அக்கா:
தயவுசெஞ்சு போகாதீங்க. பேட்டி குடுக்கறவங்க காரணமே சொல்லாம எப்ப வேணாலும் விலகலாம்னு ஒப்புதல் படிவத்துலயே இருக்கும். வாசல்ல போய் நின்னா அது வற்புறுத்தல். ஆய்வுக் கேள்விகளைப் பாத்து அனுமதி குடுக்கிற பல்கலைக்கழக நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்கியாச்சா? அதைச் சொல்லவே இல்லையே.

ஜோபர்க்_வாசி:
அங்க பேருதான் பிள்ளை, நாயுடு, கோவேந்தர். வாயைத் தொறந்தா இங்கிலீஷ்தான். அவங்ககிட்ட தமிழைத் தேடி என்ன கெடைக்கும்? அறைக்கு முன்பணம் ரெண்டு மாச வாடகை கேக்கறாங்க, அதைப் பத்திப் பேசுங்க.

லைப்சிக்_குமரன்:
இங்க ஜெர்மனியில மூணு மாச வாடகை அண்ணே.

டர்பன் மருமக:
பதினாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், நான் கொஞ்சம் பேசறேன். 1860 நவம்பர் 16 அன்னிக்கு மதராஸ்லேர்ந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து நின்னுச்சு. 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளா ஒண்ணரை லட்சம் பேர் இங்க வந்தாங்க. அவங்க பிள்ளைங்க படிச்சது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். 1950ல குழுப் பகுதிச் சட்டம் வந்துச்சு, ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியிலதான் வாழணும்னு. டர்பன்ல மேகசின் பராக்ஸ்ங்கிற தொழிலாளர் குடியிருப்புல பக்கத்துப் பக்கத்துல வாழ்ந்த சனத்தை 1960கள்ல சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்துட்டாங்க. மொழி போச்சு. ஆனா ஆடி மாசக் கூழை இன்னும் விடல. 'பாரிட்ஜ் பிரேயர்'னு சொல்லி, தெரு முழுக்க ஊத்துறாங்க. ஜோபர்க் அண்ணா, அவங்க எதைத் தொலைச்சாங்கன்னு தெரியாம பேசாதீங்க, மனசு வலிக்குது.
தம்பி, மூணாவது நாள் என்ன கேட்டீங்க?

டர்பன்_புதுசு:
"வீட்டில் தமிழ் பேசாததற்குக் காரணம் என்ன?" அடுத்தது "உங்கள் சாதி என்ன?" குழு அனுமதி இருக்கு அக்கா. ஆனா சாதிக் கேள்வியை நான் அப்புறமா சேர்த்தேன்.

டர்பன் மருமக:
இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். முதல் கேள்வி குத்தம் சொல்ற மாதிரி இருக்கு. ரெண்டாவது, எத்தனையோ வீட்ல யாரும் வாயைத் தொறக்காத விஷயம். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே வழிகாட்டிக்கு எழுதுங்க. கேள்வியை மாத்தினா குழுகிட்ட திருத்த அனுமதி வாங்கணும். அன்னிக்குப் பேசினதை அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் அறிக்கையில சேர்க்காதீங்க. பேத்திக்கு ஒரே ஒரு செய்தி: "நான் கேட்டது தப்பு. பாட்டிகிட்ட சொல்லுங்க. பதில் அனுப்பணும்னு இல்ல." அவ்வளவுதான், மறுபடி போன் பண்ணாதீங்க.

கள ஆய்வு அக்கா:
கோயில் கமிட்டி மூலமா புதுசா ஆட்களைப் பாக்கறதா இருந்தா, கமிட்டிகிட்ட எழுத்துல அனுமதிக் கடிதமும் வாங்கிக்குங்க.

டர்பன் மருமக:
இன்னொண்ணு. பாட்டி வீட்ல அவங்களா கூப்பிட்டாங்கன்னா மட்டும் இதைச் செய்யலாம். குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தோட வெஸ்ட்வில் வளாகத்துல காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கு. கப்பல்ல வந்தவங்க பட்டியலை அங்க பாக்கலாம்: எண், பேர், தகப்பன் பேர், மாவட்டம், தாலுகா, ஊர். குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருப்பாங்க. ஊர்ப் பேர் சிதைஞ்சு கெடக்கும். அது எந்த ஊருன்னு இந்தக் குடும்பங்களுக்குப் படிக்கத் தெரியல, உங்களுக்குத் தெரியும். எங்க மாமனார் தன் தாத்தா ஊர் செங்கல்பட்டுப் பக்கம்னு எழுபது வயசுலதான் தெரிஞ்சுக்கிட்டார். பாட்டி கப்பல் பேர் ஏதும் சொன்னாங்களா?

டர்பன்_புதுசு:
முதல் நாளே சொன்னாங்க அக்கா. 'உம்லாசி'. நான் அதைக் குறிச்சு வெச்சுட்டு, அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். வழிகாட்டிக்கு இப்ப எழுதறேன்.