என்.பி.ஏ. வரலாற்றின் சிறந்த சென்டர்கள்: யோகிச்சை எந்த இடத்தில் வைப்பது?

ஒழுகினசேரி எழுதியது:

நாகர்கோவிலில் மாலை வேளைகளில் கூடைப்பந்து ஆடும் எங்கள் குழுவில், அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் வரலாற்றில் சிறந்த ஐந்து சென்டர்கள் (வளையத்தடியில் ஆடும் உயரமானவர்கள்) யார் என்ற வாதம் தீராமல் நடந்துகொண்டிருக்கிறது. கரீம் அப்துல்-ஜப்பார் முதலிடத்தில் இருப்பதை யாரும் மறுக்கவில்லை, ஆறு எம்.வி.பி. (பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருதுகளும் ஆறு கோப்பைகளும் 38,387 புள்ளிகளும் கொண்டவரை மறுக்க வழியும் இல்லை. அவருக்குக் கீழேதான் சண்டை. நிக்கோலா யோகிச் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் எம்.வி.பி. விருது பெற்றிருக்கிறார், ஷாகில் ஓநீலுக்கோ அது 2000இல் ஒரே ஒரு முறைதான் கிடைத்தது, ஆகவே யோகிச்சே மேலானவர் என்கிறார்கள் இளையவர்கள். ஷாக்கிடம் நான்கு கோப்பைகள், யோகிச்சிடம் 2023இல் வென்ற ஒன்று மட்டும் என்கிறார்கள் மூத்தவர்கள். விருதையும் கோப்பையையும் எண்ணுவதைத் தவிர வேறு அளவுகோல் உண்டா? பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்த அண்ணன்மார் யாராவது காரணத்தோடு வரிசைப்படுத்தித் தந்தால் உதவியாக இருக்கும்.

வேளிமலை எழுதியது:

தம்பி, பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: சென்டர் இரண்டு வளையங்களுக்கும் பொறுப்பானவர். எதிரணியின் வளையத்தில் எவ்வளவு போட்டார் என்பதோடு, தன் வளையத்தில் எவ்வளவு விழாமல் காத்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் என் வரிசை கரீம், பில் ரஸ்ஸல், ஹக்கீம் ஒலாஜுவான், ஷாக், யோகிச் என்று அமையும்.

ஹக்கீமை ஷாக்குக்கு மேலே வைப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடி வளர்ந்த அவர், பதின்பருவத்தின் நடுவில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். ஏறத்தாழ ஏழடி உயரத்தில் பந்தை முன்னெடுத்துச் செல்லும் சிறிய உருவ ஆட்டக்காரரான கார்டுக்கு உரிய கால்வேகம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை இது ஓரளவு விளக்கும். அவருடைய 3,830 பிளாக்குகள் (எதிரணி எறியும் பந்தை மறிப்பது) இன்றும் என்.பி.ஏ. சாதனை, பிளாக், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இரண்டிலும் இரண்டாயிரத்தைக் கடந்தவர் அவர் ஒருவரே. 1994இல் எம்.வி.பி., சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆகிய மூன்று விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்றார். அதை வேறு யாரும் செய்ததில்லை. மறு ஆண்டு மேற்குப் பிரிவில் ஆறாம் இடத்தில் இருந்து பிளே ஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுக்குள் நுழைந்த ஹூஸ்டன் அணியை, அந்த ஆண்டின் எம்.வி.பி. டேவிட் ராபின்சனையும் பிறகு ஷாக்கையும் அடுத்தடுத்து வீழ்த்திக் கோப்பை வரை கொண்டுபோனார். ஷாக்குக்கு அப்போது 23 வயதுதான் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

2000 முதல் 2002 வரையிலான ஷாக்கை எந்த ஒரு தனி ஆளாலும் தடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பின்றி எறியும் வாய்ப்பு) வெற்றி விகிதம் 52.7 சதவீதம் மட்டுமே. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிரணியினர் வேண்டுமென்றே ஃபவுல் செய்து அவரை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பினார்கள். வளையத்தடிக் கட்டத்துக்குள் யானையாக நின்றவரிடம் பந்தைக் கொடுக்கவே தன் அணி தயங்கும் நேரங்கள் இருந்தன என்றால், அதையும் கணக்கில் கழிக்கத்தான் வேண்டும்.

குளச்சல்காரன் எழுதியது:

வேளிமலை அண்ணன் வரிசையில் வில்ட் சேம்பர்லெயினுக்கு இடமே இல்லையா? 1961–62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தவர். 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி நகரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தவர். ரஸ்ஸலின் பாஸ்டன் அணிக்கு எதிராகவே ஓர் ஆட்டத்தில் 55 ரீபவுண்டுகள் (குறி தவறித் திரும்பும் பந்துகள்) பிடித்தவர். வளையத்தடிக் கட்டத்தின் அகலத்தை 1964இல் 12 அடியிலிருந்து 16 அடியாக விரித்ததே அவரை வளையத்திலிருந்து தள்ளி நிறுத்துவதற்காகத்தான். ஆட்டக்களத்தின் கோட்டையே மாற்றி வரைய வைத்த ஒருவரை முதல் ஐந்துக்கு வெளியே நிறுத்தும் அளவுகோலில்தான் ஏதோ கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பழையாறு எழுதியது:

குளச்சல் தம்பி சொன்ன எண்கள் எல்லாம் சரியானவையே. ஆனால் அந்தக் காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை பந்தை வளையத்தை நோக்கி எறிந்தது என்பதையும், குறி தவறுவதும் இன்றைவிட மிகுதி என்பதால் ரீபவுண்டுகளும் கொட்டிக் கிடந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போதாக்குறைக்கு வில்ட் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 48.5 நிமிடங்கள் களத்தில் நின்றார். முழு ஆட்டமே 48 நிமிடம், கூடுதல் நேரங்கள் சேர்ந்ததால்தான் இந்தக் கணக்கு.

அதைவிட முக்கியமானது வேறொன்று. 50.4 சராசரி எடுத்த அதே பருவத்தின் எம்.வி.பி. விருது ரஸ்ஸலுக்குத்தான் போனது. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர், உடன் ஆடிய ஆட்டக்காரர்கள். வாரந்தோறும் இருவரிடமும் அடிபட்டவர்களின் தீர்ப்பு அது. பதின்மூன்று பருவங்களில் பதினொரு கோப்பைகள், அவற்றில் கடைசி இரண்டு பயிற்சியாளராகவும் இருந்துகொண்டு வென்றவை, ஏழாவது ஆட்டம் வரை இழுத்த தொடர்களில் பத்துக்குப் பத்து வெற்றி என்று ரஸ்ஸலின் கணக்கு நீள்கிறது. அவர் பிளாக் செய்த பந்தை வெளியே விளாசாமல் தன் அணியினர் கையில் தட்டிவிடுவார்; பாஸ்டனின் அதிவேகத் தாக்குதல் அங்கிருந்தே தொடங்கும். 1973–74க்கு முன்பு பிளாக்குகளை யாரும் அதிகாரபூர்வமாக எண்ணவில்லை என்பதால் இந்த வேலை எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரிவதில்லை. எட்டு, ஒன்பது அணிகளே இருந்த காலம் அது என்று குறைசொல்பவர்கள், அதே குறையை வில்டின் எண்களுக்கும் சொல்லட்டும்.

ஒழுகினசேரி எழுதியது:

அண்ணன்மாருக்கு நன்றி. யோகிச் ஐந்தாவது என்பதை எங்கள் இளையவர்கள் ஏற்க மாட்டார்கள். தடுப்பாட்டம் ஒன்றை வைத்தே அவரை இறக்கிவிட்டீர்களா?

வேளிமலை எழுதியது:

ஆமாம், பெரும்பாலும் அதனால்தான். யோகிச் நிற்கும் இடமும் கைகளின் விரைவும் நல்லவை. ஆனால் வளையத்தடியில் எகிறிப் பந்தை மறிப்பவர் அல்லர். எதிரணி பிக் அண்ட் ரோல் (ஒருவர் தடுப்பாளரை மறித்து நின்றுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் உத்தி) ஆடி அவரை வெளியே இழுக்கும்போது அவருடைய டென்வர் அணியின் மற்ற நால்வரும் அந்த இடைவெளியை அடைக்க ஓட வேண்டியிருக்கிறது.

தாக்குதலில் மட்டும் கேட்டால் அவரைக் கரீமுக்கு அடுத்து வைப்பேன். அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 2014 தேர்வில் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், 2023 பிளே ஆஃபில் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்) மூன்றிலும் முதலிடம் பிடித்தார், 2024–25இல் 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட் என்று பருவம் முழுவதற்கும் இரட்டை இலக்கச் சராசரி வைத்தார். அதற்கு முன் எந்த சென்டரும் அப்படிச் செய்ததில்லை. தோவாளையில் பூக்கட்டுபவர்கள் கையைப் பார்க்காமலே தொடுப்பதுபோல, அவர் ஆளைப் பார்க்காமலே பாஸ் கொடுக்கிறார். இன்னொரு கோப்பை வென்றால் ஷாக்கைத் தாண்டிவிடுவார் என்றே நினைக்கிறேன். ஹக்கீமைத் தாண்டுவது கடினம்.

தோவாளை எழுதியது:

எங்கள் ஊர்ப் பூக்காரர்கள் வந்துவிட்டதால் நானும் வருகிறேன். இவ்வளவு பேசியும் மோசஸ் மலோன் பெயரை யாரும் எடுக்கவில்லை. 1979, 1982, 1983 என்று யோகிச்சைப் போலவே மூன்று எம்.வி.பி. விருதுகள் அவருக்கும் உண்டு. எதிரணியின் வளையத்தடியில், மூன்று பேர் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், தவறிய பந்தைத் திரும்பத் திரும்பப் பறித்தே வாழ்ந்தவர். அந்தத் தாக்குதல் ரீபவுண்ட் கணக்கில் வரலாற்றிலேயே முதலிடம் அவருக்குத்தான். 1983 இறுதித் தொடரில் பிலடெல்பியா நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றபோது, லேக்கர்ஸ் அணியின் சென்டராக நின்றவர் நீங்கள் எல்லோரும் மறுபேச்சின்றி முதலிடம் கொடுத்த அதே கரீம். இளையவர்களிடம் அந்த நான்கு ஆட்டங்களின் பதிவைப் போட்டுக் காட்டுங்கள், பிறகு ஐந்தாம் இடத்தைப் பற்றிப் பேசுவோம்.