சவுலும் "பாவஞ்செய்தேன்" என்றுதானே சொன்னான்?

வரும் ஞாயிறு வேதபாட வகுப்பில் 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

எல்லாவற்றையும் அழிக்கச் சொன்ன கடவுளின் கட்டளையை மீறி, எதிரிகளான அமலேக்கியரின் கொழுத்த ஆடுகளைத் தப்பவிட்ட சவுல் ராஜா, 24ஆம் வசனத்தில் "பாவஞ்செய்தேன்" என்கிறான். மன்னிப்பில்லை, ராஜ்யம் போகிறது. பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் புருஷன் உரியாவைக் கொல்வித்த, அடுத்த ராஜாவான தாவீதும் 2 சாமுவேல் 12:13இல் அதையே சொல்கிறான். உடனே பாவம் நீக்கப்படுகிறது. எபிரெயத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்: ஹாத்தாத்தி. "ஆட்டைவிடக் கொலை சின்னதா, ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். பதில் வரவில்லை.

சவுல் ஜனங்கள்மேல் பழிபோட்டான் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஜனங்களுக்குப் பயந்ததை அவனே ஒப்புக்கொள்கிறானே. தாவீதும் சும்மா தப்பவில்லை, பிள்ளை இறந்தது என்றேன். அவன் சிங்காசனம் மட்டும் நிலைத்ததே என்றார்கள்.

பிறகு மனந்திரும்புதலுக்கான 'ஷூவ்' (திரும்பு) என்ற எபிரெய வினையைத் தேடினேன். 11ஆம் வசனத்தில் சவுல் கடவுளைவிட்டுத் திரும்பியதற்கே அது வருகிறது. 25, 30ஆம் வசனங்களில் அதே வினையால் "என்னோடே திரும்பி வாரும்" என்று தீர்க்கதரிசி சாமுவேலைத்தான் அவன் கெஞ்சுகிறான். 30இல் மூப்பர்முன் தன்னைக் கனம்பண்ணவும் கேட்கிறான். பிடி கிடைத்தது என்று துள்ளினேன். ஆனால் தாவீதின் வசனத்தில் அந்த வினையே இல்லை!

பிரசங்க விளக்கம் வேண்டாம். எபிரெயம் படித்தவர்களே, இந்த இரண்டு அறிக்கைகளையும் வேறுபடுத்தும் சொல்லோ இலக்கணமோ மூலத்திலேயே இருக்கிறதா?