மறு: டைவ் கம்ப்யூட்டருக்குத் தமிழ்ச்சொல் – "முக்குளி கணிப்பி"

வணக்கம். ஸ்கூபாவில், அதாவது காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலுக்குள் இறங்கும்போது, உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிட்டு எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவிதான் டைவ் கம்ப்யூட்டர். அதற்கு நான் சொன்ன "முக்குளி கணிப்பி"க்கு வந்த மறுமொழிகளுக்கு இது பதில்.

> நீர்மூழ்கிக் கணினி என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாகப் புரிகிறதே

புரியவில்லை என்பதுதான் என் சிக்கல். நீர்மூழ்கி என்றதும் இன்று யாருக்கும் கப்பல்தான் நினைவுக்கு வரும். கணினி என்றதும் மேசை மேல் இருப்பது. இரண்டையும் சேர்த்தால், மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் சின்னக் கருவி எங்கே வருகிறது?

இன்னொருவர் "ஆழமானி" என்றார். அதில் எனக்கு இன்னும் பெரிய தயக்கம். புதிதாக ஸ்கூபா கற்பவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதியபோது நானும் "மானி" போட்டுத்தான் எழுதினேன், வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் நன்றாகவே ஒலித்தது. அதைப் படித்த ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, ஊசி எதுவும் குத்தாம உடம்புல இருக்குற நைட்ரஜனை இது எப்படி அளக்குது?" அளக்கவில்லை, அதுதான் பதில். இந்தக் கணக்குக்காக அது அளப்பது சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தையும் நேரத்தையும் மட்டுமே. மற்றதெல்லாம் கணக்கு. ஒரு சொல் ஒருவரைத் தவறாக நம்பவைக்கிறது, அதுவும் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் என்றால், அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும்.

கணக்கு என்ன கணக்கு? கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்சுவிட விட நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும், சடாரென்று ஏறினால் சோடாப் புட்டியைத் திறந்த மாதிரி குமிழாகிவிடும். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் ஆடுகளை வைத்துச் சோதித்து, உடம்பை வெவ்வேறு வேகத்தில் நிரம்பும் ஐந்து தொட்டிகளாகக் கற்பனை செய்து 1908-இல் அட்டவணை வெளியிட்டார். பிறகு சூரிச்சில் ப்யூல்மன் என்ற மருத்துவர் அதைப் பதினாறு தொட்டிகளாக வளர்த்தார், வேகமானது சில நிமிடங்களில் பாதி நிரம்பும், மிக மெதுவானதற்கு 635 நிமிடம். இன்று மணிக்கட்டில் இருக்கும் பல கருவிகளுக்குள் ஓடுவது இந்தக் கணக்குதான். உங்கள் உடம்பை அது பார்த்ததே இல்லை. நீங்கள் இரவு தூங்கவில்லை, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதனால்தான் எனக்குக் "கணிப்பி" பிடிக்கிறது. வானிலைக் கணிப்பு, தேர்தல் கணிப்பு என்று நாம் சொல்லும்போதே அது தவறவும் கூடும் என்பது கேட்பவருக்குத் தெரியும். கணினியில் அந்தப் பொருள் இல்லை, மானியில் அதற்கு நேர் எதிரான பொருள். இரண்டு கம்பெனிக் கருவிகளைக் கட்டிக்கொண்டு ஒரே ஆள் ஒரே ஆழத்தில் இருந்தால் இரண்டும் வேறு வேறு நிமிடம் காட்டலாம், அதில் எது பழுது என்று தேட வேண்டியதில்லை, இரண்டும் இரண்டு கணிப்பு, அவ்வளவுதான். கீழே இருக்க மிச்சமுள்ள நேரத்தைக் குறைவாகக் காட்டுவதை நம்பி ஏறுங்கள்.

சரி, முதல் பாதி. "குளி" நம் சொல்தான், முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் மன்னார் வளைகுடாவில் எத்தனையோ தலைமுறையாக உள்ளவை. ஆனால் முத்தும் சங்கும் முன்னால் இல்லாமல் தனியாக நின்றால் குளியலறைப் பக்கம் போய்விடுகிறது. முக்குளி என்றால் அந்தக் குழப்பமில்லை. ஏரியில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பான் பறவையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஏன் "முக்குளிப்புக் கணிப்பி" இல்லை என்று கேட்பீர்கள். முக்குளி கணிப்பி வினைத்தொகை, அதனால் நடுவில் க் வராது. ஊறுகாய் மாதிரி முக்காலத்துக்கும் பொருந்தும், இந்தக் கருவிக்கு அது இலக்கண நயம் மட்டுமில்லை, உண்மையே அதுதான். காலையில் முக்குளித்தபோது உடம்பில் தங்கிய நைட்ரஜனைக் கணக்கில் வைத்துக்கொண்டு, இப்போது முக்குளிக்கும்போது எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டி, அடுத்து எப்போது இறங்கலாம், விமானம் ஏற எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது வரை சொல்கிறது. இதனால்தான் நடுவில் கருவியை இன்னொருவருக்குக் கழற்றிக் கொடுக்கக் கூடாது. காலையில் இறங்காதவர் கட்டியிருந்த கணிப்பியை மதியம் நீங்கள் வாங்கிக் கட்டினால், அது உங்கள் உடம்பைப் புது உடம்பு என்று நினைத்து நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கும்.

திரையில் வரும் சொற்களையும் சேர்த்தே முடிவு செய்துவிடலாம். ஏறும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதற்குக் "காப்புத் தரிப்பு". ஈழத்து நண்பர்கள் பேருந்துத் தரிப்பிடம் என்பார்களே, அந்தத் தரிப்புதான். நிற்காமல் நேரே ஏற இன்னும் மிச்சமிருக்கும் நிமிடங்களுக்குத் "தரிப்பிலா நேரம்". அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் "கட்டாயத் தரிப்பு". மூன்றும் ஒரே வேரிலிருந்து வருவதால், ஒன்றைக் கற்றவர் மற்றதைத் தானே ஊகித்துக்கொள்வார். ஏறும் வேகத்துக்கு "ஏறுவேகம்" போதும், நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கிறோம்.

எதை வாங்குவது என்று நடுவில் ஒருவர் கேட்டிருந்தார். முதல் கணிப்பி என்றால் தரிப்பிலா நேரம் பெரிய எண்ணில் தெரிகிறதா என்று பாருங்கள், கலங்கிய நீரில் அது ஒன்றுதான் கண்ணில் பட வேண்டும். பேட்டரியை நீங்களே மாற்ற முடிகிற மாதிரி இருந்தால் நல்லது. நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) வசதி இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்குமுன் வாயுக்கலவை எண்ணைச் சரிபாருங்கள். நேற்று 32 சதவீத ஆக்சிஜன் என்று வைத்ததை மாற்ற மறந்து இன்று சாதாரணக் காற்றோடு இறங்கினால், உள்ளே போகும் நைட்ரஜனை அது குறைத்துக் கணக்கிடும், திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். சிலிண்டரில் உள்ள காற்றின் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் விலை கூடிய வகை இப்போதைக்குத் தேவையில்லை.

தரிப்பு என்ற சொல்லில் மட்டும் ஒரு கேள்வி. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள், "ஐந்து மீட்டரில் தரித்து நில்லுங்கோ" என்றால் உங்கள் காதுக்கு இயல்பாக இருக்கிறதா? உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒரு பக்கக் குறிப்பைத் திருத்தி எழுதுவேன்.