உப்பைக் கூட்டினால் கெட்டியாகும் மைசெல் கரைசல், மேலும் கூட்டினால் ஏன் இளகுகிறது?

கேள்வி:
வணக்கம். 100 மில்லிமோலார் செட்டைல்பிரிடினியம் குளோரைடு (நேர்மின் தலையுடைய, சோப்புப் போன்ற மூலக்கூறு) கரைசலில் சோடியம் சாலிசிலேட் என்ற உப்பைச் சேர்த்துக்கொண்டே போனால், 60 மில்லிமோலாரை எட்டும்போது அது கூழ்போலத் திரண்டு, குடுவையைச் சுழற்றி நிறுத்தியதும் உள்ளே சிக்கிய குமிழிகள் சற்றே பின்னோக்கித் திரும்புகின்றன. கோள மைசெல்கள் (அம்மூலக்கூறுகளின் திரள்கள்) புழுப்போல நீள்வதால் இப்படி நிகழ்கிறது என்பது வரை புரிகிறது. ஆனால் கரைசலை முன்னும் பின்னும் அசைத்து அளக்கும் அலைவுச் சோதனையின் தரவுகள், தகைவு (உள்விசை) தணிய ஒரே தளர்வு நேரம் கொண்ட மேக்ஸ்வெல் மாதிரியில் அடங்கிவிடுகின்றன. அப்படியானால் மைசெல்கள் எல்லாம் ஒரே நீளமுடையவையா? மேலும், உப்பை இன்னும் கூட்டும்போது பாகுநிலை குறைவது அவை மீண்டும் குட்டையாவதாலா?

மறுமொழி 1:
நீளங்கள் ஒன்றாக இருப்பதில்லை. அவை அடுக்குக்குறிப் பரவலில் பெரிதும் வேறுபடுகின்றன. உருளையின் இரு முனைகளிலும் உள்ள அரைக்கோள மூடிகளில் மூலக்கூறுகள் பொருந்தாமல் வளைந்து அமர வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முனைக்கும் ஆற்றல் செலவாகிறது. சாலிசிலேட் அயனி நேர்மின் தலைகளுக்கிடையே செருகிக்கொண்டு அவற்றின் விலக்கு விசையைத் தணிக்கும்போது முனைகளின் செலவு கூடுகிறது. முனைகளைக் குறைக்க எளிய வழி, மைசெல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீள்வதுதான். வெப்பநிலையை உயர்த்தினால் சராசரி நீளமும் பாகுநிலையும் விரைந்து சரிவதும் இந்தக் கணக்கினால்தான்.

ஒரே தளர்வு நேரத்திற்குக் காரணம் வேறு. பலபடிச் சங்கிலியைப் போலன்றி, மைசெல்லைச் சகப்பிணைப்புகள் கட்டி வைத்திருக்கவில்லை. அது ஓயாமல் அறுந்து, ஓயாமல் ஒட்டிக்கொள்கிறது. மைசெல்கள் ஒன்றோடொன்று சிக்கிய பின்னலிலிருந்து ஊர்ந்து வெளியேற ஆகும் நேரத்தைவிட அறுபடும் நேரம் மிகக் குறைவாக இருந்தால், தகைவு தளர்வதற்குள் ஒவ்வொரு துண்டும் நீண்டதிலும் குட்டையிலும் மாறி மாறி இடம்பெற்றுவிடுவதால் நீள வேறுபாடு சராசரியில் கரைந்துபோகிறது. 1987இல் இயற்பியலாளர் கேட்ஸ் வகுத்த கோட்பாட்டின்படி, அப்போதைய தளர்வு நேரம் அவ்விரு நேரங்களின் பெருக்கற்சராசரி. உயர் அதிர்வெண்களில் உங்கள் தரவு மேக்ஸ்வெல் மாதிரி வரைபடத்தில் தரும் அரைவட்டத்தை விட்டு விலகும். அதைக் கருவியின் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மறுமொழி 2:
இரண்டாவது ஐயத்திற்குக் குட்டையாதல் மட்டுமே விடையன்று. பாகுநிலை என்பது சமதள மீட்சிக்குணகத்தையும் (பின்னலின் விறைப்பு) தளர்வு நேரத்தையும் பெருக்கி வருவது. இறங்குமுகத்தில் முதலாவது ஏறத்தாழ அப்படியே நிற்க, இரண்டாவதுதான் விழுகிறது. அதாவது பின்னல் கலையவில்லை, தகைவு மட்டும் விரைவாகத் தீர்கிறது. முனை மூடிகளின் செலவு மிகும்போது மைசெல்கள் கிளைவிடத் தொடங்குகின்றன என்பது ஒரு விளக்கம். வேதிப் பிணைப்பாலான கிளை தகைவைப் பூட்டி வைக்கும்; மைசெல்லின் சந்திப்போ திரவத்தன்மை உடையதால், உடலின் நெடுகே வழுக்கிச் சென்று தகைவைத் தீர்த்துவிடுகிறது. கடுங்குளிரில் உறையவைத்து எடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இத்தகைய மும்முனைச் சந்திப்புகளைப் பல மைசெல் அமைப்புகளில் பார்த்திருக்கிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உப்பை மேலும் கூட்டியபோது பாகுநிலை இன்னொரு முறை ஏறி இறங்கியதையும் கண்டேன். கிளைகள் அதையும் விளக்குமா?

மறுமொழி 3:
கிளைகளை மட்டும் வைத்து அதை விளக்குவது கடினம். சாலிசிலேட் வெறுமனே மின்னூட்டத்தை மறைப்பதோடு நிற்காமல் மைசெல்லுக்குள் வலுவாகப் பதிகிறது. ஆகவே பரப்பின் நேர்மின்னூட்டம் முதலில் நடுநிலையாகி, பின்னர் எதிர்மின்னூட்டமாகவே மாறக்கூடும். உங்கள் இரண்டாவது ஏற்றத்தை இந்த மாற்றத்தோடு இணைத்தே படிக்க வேண்டும். ஒவ்வொரு உப்புச் செறிவிலும் மின்புலத்தில் மைசெல்கள் எந்த முனையை நோக்கி நகர்கின்றன என்று அளந்து, அந்தக் குறி மாறும் இடத்தைப் பாகுநிலை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.